குழாய்க் கணக்கு பொய்க்கும்போது: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிப்பது எப்படி?

குழாயில் எவ்வளவு தண்ணீர் வரும், உராய்வால் எவ்வளவு அழுத்தம் போகும் என்று சேலத்துச் சமவெளியிலும் சேர்வராயன் மலையிலும் குழாய்க் கணக்கு போடுகிறவர்களின் தாளை வாங்கிப் பார்த்தால் சூத்திரம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பிசகு வேறு இடத்தில் இருக்கும்: சூத்திரத்துக்குள் போட்ட எண்ணில், அல்லது அந்த ஓட்டத்துக்குப் பொருந்தாத சூத்திரத்தை எடுத்ததில். அதனால் கணக்கும் களமும் ஒத்துப்போகாதபோது, புத்தகத்தை முதலிலிருந்து புரட்ட வேண்டியதில்லை. எப்படி ஒத்துப்போகவில்லை என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

எதற்கும் முன்னால் ஒரு சோதனை

குழாயின் இரண்டு இடங்களில் பிரஷர் கேஜ் பொருத்துங்கள். வால்வைத் திருகி ஓட்டத்தைக் குறைவாக வைத்து ஒரு முறையும், அதை இரு மடங்காக்கி மறுமுறையும் அளவெடுங்கள். ஓட்டத்தை அளக்க 200 லிட்டர் டிரம்மும் கைக்கடிகாரமும் போதும். இரண்டு கேஜ்களுக்கும் இடையிலான உயர வேறுபாட்டைக் கழித்துவிட்டு, உராய்வால் மட்டும் எவ்வளவு அழுத்தம் போயிருக்கிறது என்று பாருங்கள். தண்ணீருக்கு 10 மீட்டர் உயரம் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஓட்டம் இரு மடங்கானபோது இழப்பும் இரு மடங்குதான் ஆனது என்றால் உள்ளே நடப்பது வரிச்சீர் ஓட்டம், அதாவது கலங்காமல் அடுக்கடுக்காகப் போகும் ஓட்டம். சுமார் 3.4 மடங்கு ஆனால் வழவழப்பான குழாயில் சுழற்சி ஓட்டம், அதாவது சுழித்துக் கலங்கிப் போகும் ஓட்டம். நான்கு மடங்கை ஒட்டி வந்தால் சொரசொரப்பான பழைய குழாய், அல்லது நீளத்தைவிட எல்போவும் வால்வும் அதிகமாக இழப்பு தரும் குழாய். தண்ணீர்க் குழாயில் இரண்டுக்கும் கீழே வந்தால் உயர வேறுபாட்டைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். நான்கைத் தாண்டினால் கணக்கைத் தொடாதீர்கள்; காற்றோ அடைப்போ கேஜ் கோளாறோ இருக்கிறது.

இந்தச் சோதனையைச் செய்யாமல் சூத்திரத்தை மாற்றி மாற்றிப் போடுவதில் பயனே இல்லை. 1883-இல் மான்செஸ்டரில் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் கண்ணாடிக் குழாய்க்குள் சாய நூலை ஓடவிட்டு, அது எப்போது கலைகிறது என்று கண்ணால் பார்த்தார். நம் குழாய் கறுப்புப் பிளாஸ்டிக். உள்ளே பார்க்க முடியாது. இழப்பின் மடங்குதான் நமக்குச் சாய நூல்.

கூடவே கையில் வைத்திருக்க வேண்டிய எண் ரெனால்ட்ஸ் எண். ஓட்டம் எந்த வகை என்று சொல்லும் எண் இது. மீட்டர், வினாடி என்று மாற்றிக்கொண்டிருக்காமல் நேரடியாகவே போடலாம்:

ரெனால்ட்ஸ் எண் = 21,220 × ஓட்டம் (லிட்டர்/நிமிடம்) ÷ [உள்விட்டம் (மி.மீ.) × இயக்கப் பாகுநிலை (சென்டிஸ்டோக்)]

வேகம் வேண்டுமானால், 21.22 × ஓட்டம் ÷ உள்விட்டத்தின் வர்க்கம்; விடை வினாடிக்கு மீட்டரில் வரும். தண்ணீரின் பாகுநிலை, அதாவது ஓட விடாமல் தடுக்கும் கெட்டித்தன்மை, 30 டிகிரியில் 0.80, 20 டிகிரியில் 1.00, 15 டிகிரியில் 1.14 சென்டிஸ்டோக். எண் 2,000-க்குக் கீழே இருந்தால் வரிச்சீர் ஓட்டம், 4,000-க்கு மேலே சுழற்சி ஓட்டம் என்று கொள்ளலாம். நடுவில் இருப்பதைப் பற்றிப் பிறகு.

இழப்புக்கு டார்சி–வைஸ்பாக் சூத்திரம்: உராய்வுக் காரணி × (நீளம் ÷ விட்டம்) × (வேகத்தின் வர்க்கம் ÷ 19.62). எல்லாம் மீட்டரில். வரிச்சீர் ஓட்டத்தில் காரணி 64 ÷ ரெனால்ட்ஸ் எண். சுழற்சி ஓட்டத்தில் 1939-இல் வந்த கோல்புரூக் சமன்பாடு இருக்கிறது, ஆனால் அதில் காரணி இரு பக்கமும் உட்கார்ந்திருப்பதால் திரும்பத் திரும்பப் போட்டுத்தான் விடை காண வேண்டும். 1976-இல் சுவாமி, ஜெயின் என்ற இந்தியப் பொறியாளர்கள் இருவர் அதை ஒரே வரியில் அடக்கினார்கள். சொரசொரப்பை (உட்சுவர் மேடுபள்ளத்தின் உயரத்தை) 3.7 மடங்கு விட்டத்தால் வகுங்கள், அதனுடன் 5.74-ஐ ரெனால்ட்ஸ் எண்ணின் 0.9 அடுக்கால் வகுத்து வருவதைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகைக்குப் பத்தடிமான மடக்கை எடுத்து வர்க்கமாக்கி, 0.25-ஐ அதனால் வகுங்கள். நம் வேலைக்கு இது தாராளம்.

கணக்கு 263 லிட்டர் என்கிறது, டிரம் 186 என்கிறது

நான் அதிகம் பார்க்கும் பிழை இது. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். மேலே ஊற்றுத் தொட்டி, கீழே காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னொரு தொட்டி. இடையில் 600 மீட்டர் எச்டிபிஇ குழாய், இறக்கம் 18 மீட்டர். குழாயின் மேல் 63 மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறது. அதையே விட்டமாகப் போட்டால் நிமிடத்துக்கு 263 லிட்டர் வர வேண்டும். டிரம் நிறைவதோ 64.5 வினாடியில். அதாவது 186 லிட்டர்.

குழாயில் அச்சிட்டிருக்கும் 63 என்பது வெளிவிட்டம். சுவரின் தடிமன் 3.8 மி.மீ. என்றால் உள்விட்டம் 55.4 மி.மீ. மட்டுமே. இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கோடு போவதால், அந்த ஏழரை மில்லிமீட்டர் இழப்பைக் கிட்டத்தட்ட இரு மடங்காக்கிவிடுகிறது. 55.4 போட்டுப் பாருங்கள்: வேகம் 1.29 மீட்டர், 18 டிகிரித் தண்ணீரில் ரெனால்ட்ஸ் எண் ஏறக்குறைய 68,000, உராய்வுக் காரணி 0.0195, இழப்பு 17.9 மீட்டர். இறக்கத்தோடு கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரே 63 மி.மீ. குழாயில் அழுத்த வகுப்பு கூடக் கூடச் சுவர் தடித்து உள்வழி குறுகும் என்பதும் இதனோடு சேர்ந்தது. "எதற்கும் இருக்கட்டும்" என்று உயர்ந்த வகுப்புக் குழாய் வாங்குகிறவர், தெரியாமலே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார். கடையில் விட்டம் கேட்காதீர்கள். சுவர் தடிமனைக் கேளுங்கள். வெட்டிய துண்டு கிடைத்தால் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள்.

விடை சரியாக நான்கு மடங்கு பிசகுகிறது

இரண்டு புத்தகங்களை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கிறீர்கள். டார்சி காரணி ஒன்று, ஃபேனிங் காரணி இன்னொன்று. முதலாவது இரண்டாவதைப்போல் நான்கு மடங்கு. வேதிப் பொறியியல் புத்தகங்களில் பெரும்பாலும் ஃபேனிங், சிவில் புத்தகங்களில் டார்சி. புத்தகத்தில் உள்ள உராய்வுக் காரணி வரைபடத்தில் வரிச்சீர் கோட்டை ரெனால்ட்ஸ் எண் 1,000 இருக்கும் இடத்தில் பாருங்கள். 0.064 என்றால் டார்சி, 0.016 என்றால் ஃபேனிங். அவ்வளவுதான்.

ஆயிரம் மடங்கு, பத்து லட்சம் மடங்கு பிசகுகிறது

அலகு. சென்டிபாய்ஸையும் (அடர்த்தியால் வகுக்காத பாகுநிலை) சென்டிஸ்டோக்கையும் (வகுத்தது) ஒன்றாக எடுத்துக்கொள்வது தண்ணீரில் தெரியாது, ஏனென்றால் அடர்த்தி ஒன்று. எண்ணெயில் பத்து சதவீதம் வரை தவறும், தேன் போன்றவற்றில் இன்னும் அதிகம். மில்லிமீட்டரை மீட்டராக்காமல் நான்காம் அடுக்கு போட்டவரின் விடையைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும், அதில் அத்தனை சுழியங்கள்.

முதலில் நன்றாக வருகிறது, சில நாளில் மெலிந்துபோகிறது

மலைக்குழாயின் தனி நோய் இது. சமவெளியில் கணக்கு பழகியவர்களுக்கு எளிதில் பிடிபடாது. மொத்த நீளமும் மொத்த இறக்கமும் சரியாக இருக்கும், குழாயும் புதிது, தொடங்கிய அன்று டிரம் கணக்கும் பொருந்தியிருக்கும். பிறகு ஓட்டம் குறையும். ஒருநாள் நின்றே போகும். குழாயை நடுவில் கழற்றினால் புஸ்ஸென்று சத்தம், மறுபடி மாட்டினால் மறுபடி நன்றாக வரும்.

தொட்டிக்குத் தொட்டி கணக்கு போட்டிருக்கிறீர்கள். நடுவில் இருக்கும் மேட்டைப் பார்க்கவில்லை. மேலே சொன்ன அதே தோட்டத்தில், ஊற்றிலிருந்து 250 மீட்டர் தூரத்தில் குழாய் ஒரு மேட்டின் மேல் ஏறிப் போகிறது என்போம். அந்த மேடு ஊற்று மட்டத்துக்கு 4 மீட்டர்தான் கீழே. 600 மீட்டருக்கு 18 மீட்டர் இழப்பு என்றால் 250 மீட்டருக்கு 7.5 மீட்டர். கையில் இருப்பதோ 4. ஆக மேட்டின் உச்சியில் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிட மூன்றரை மீட்டர் குறைவு.

தண்ணீர் உடனே நிற்காது. சைஃபன் போல் இழுத்துக்கொண்டு ஓடும். ஆனால் அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீரில் கரைந்திருந்த காற்று பிரிந்து குமிழாகும். தளர்ந்த இணைப்பு இருந்தால் வெளிக்காற்றும் உள்ளே வரும். அந்தக் காற்று உச்சியில் தங்கித் தங்கி, பாதையை அடைத்துவிடும். ஏற்காட்டின் உயரத்தில், அதாவது சுமார் 1,500 மீட்டரில், காற்றழுத்தமே 8.6 மீட்டர் தண்ணீருக்குச் சமம். சேலத்தில் 10 மீட்டர். மலையில் இந்தத் தாங்குதிறனும் குறைவு.

பலர் இந்த உச்சியில் ஏர் வால்வு வைக்கிறார்கள். உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிட அதிகமாக இருக்கும் உச்சியில் ஏர் வால்வு காற்றை வெளியே விடும். குறைவாக இருக்கும் உச்சியில் அதே வால்வு காற்றை உள்ளே இழுக்கும். நோய்க்கு மருந்து என்று கொடுத்தது நோயையே கூட்டும். ஏர் வால்வு வாங்குவதற்கு முன் அந்த உச்சியின் அழுத்தக் கணக்கைப் போடுங்கள்.

சரியான வழி, மேட்டுக்கு முன்னால் இழப்பைக் குறைப்பது. முதல் 250 மீட்டருக்கு 75 மி.மீ. குழாய், உள்விட்டம் 66 மி.மீ., போட்டால் அதே 186 லிட்டருக்கு அந்தப் பகுதியில் இழப்பு 3.2 மீட்டராகிவிடும். மேட்டில் 0.8 மீட்டர் மிச்சம். இத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்தால், முடியவில்லை. முன்பகுதி எளிதாகிவிட்டதால் ஓட்டம் 186-இல் நிற்காது. நிமிடத்துக்கு 217 லிட்டர் பக்கம் போகும். அந்த ஓட்டத்தில் முன்பகுதி இழப்பு 4.2 மீட்டர். மேட்டில் மறுபடியும் சற்றே எதிர்மறை! புதுக்குழாய் போட்ட பிறகும் பழைய தொல்லை என்று தோட்டக்காரர் திட்டுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கீழ்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் வால்வைச் சற்று மூடி, ஓட்டத்தை 200 லிட்டருக்குள் வையுங்கள். வால்வைக் கீழ்முனையில்தான் திருக வேண்டும். மேல்முனையில் மூடினால் குழாய் முழுவதும் அழுத்தம் குறைந்து நிலைமை மோசமாகும். தொட்டிக்கு உள்ளே விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே திருகினால் போதும் என்று நினைக்காதீர்கள். மேட்டில் ஒரு சிறு டி இணைப்பும் கேஜும் வைத்துவிட்டால் பிறகு யார் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம்.

கீழ்வால்வை முழுதாக மூடினால் முழு மட்ட வேறுபாடும் அழுத்தமாகக் குழாயின் மேல் உட்காரும் என்பதையும் மறக்கக் கூடாது. 18 மீட்டருக்கு அது 1.8 கிலோதான், கவலையில்லை. ஆனால் மலைச்சரிவில் 150 மீட்டர் இறங்கும் குழாய்க்கு 15 கிலோ. நடுவில் திறந்த தொட்டி கட்டி அழுத்தத்தை உடைக்காமல் விட்டால் ஏதோ ஓர் இரவில் குழாய் வெடிக்கும்.

எண்ணெய்க் குழாயில் கணக்கு சொன்ன பம்ப் திணறுகிறது

தண்ணீருக்குப் பழகிய கை ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தை எண்ணெய்க்கும் நீட்டியிருக்கும். அந்தச் சூத்திரத்தில் பாகுநிலை என்ற ஒன்றே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சாதாரண வெப்பநிலையில் சுழற்சி ஓட்டத்தில் போகும் தண்ணீருக்காகச் செய்தது அது.

சேலத்துப் பட்டறைகளில் புழங்கும் 220 தர கியர் எண்ணெயை எடுத்துக்கொள்வோம். 220 என்பது 40 டிகிரியில் அதன் பாகுநிலை, சென்டிஸ்டோக்கில். உள்விட்டம் 25 மி.மீ., நீளம் 10 மீட்டர், ஓட்டம் நிமிடத்துக்கு 20 லிட்டர். ஹேசன்–வில்லியம்ஸ் 0.23 மீட்டர் இழப்பு என்கிறது. ரெனால்ட்ஸ் எண்ணைப் போட்டால் 77 வருகிறது. ஐயத்துக்கே இடமில்லாத வரிச்சீர் ஓட்டம். காரணி 64 ÷ 77 = 0.83. இழப்பு 7.8 மீட்டர் எண்ணெய், அழுத்தத்தில் ஏறக்குறைய 0.7 கிலோ. முப்பது மடங்குக்கும் மேல் வேறுபாடு.

அதுவும் 40 டிகிரியில். மார்கழி விடியலில் மலைமேல் அதே எண்ணெய் 20 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது பாகுநிலை மூன்று மடங்குக்கும் மேல் ஏறியிருக்கும். வரிச்சீர் ஓட்டத்தில் இழப்பு பாகுநிலைக்கு நேர்விகிதம் என்பதால் இழப்பும் அப்படியே ஏறும். காலையில் பம்ப் முனகுகிறது, மதியத்துக்கு மேல் சரியாகிவிடுகிறது என்றால் மின்சாரத்தைக் குறை சொல்ல வேண்டாம், எண்ணெயின் சூட்டைப் பாருங்கள். இங்கே குழாயின் சொரசொரப்பு பொருட்டே இல்லை. வழவழப்பான குழாய் வாங்கிச் செலவழிப்பதைவிட ஒரு அளவு பெரிய குழாய் வாங்குவது மேல்: விட்டம் 25-இலிருந்து 32 ஆனால் இழப்பு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும்.

கணினியில் போட்ட விடை ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுகிறது

ரெனால்ட்ஸ் எண் 2,000-க்கும் 4,000-க்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சுற்றில் 64 ÷ எண் என்ற சூத்திரமும் அடுத்த சுற்றில் சுழற்சிச் சூத்திரமும் மாறி மாறி வேலை செய்வதால், கணக்கு ஊஞ்சலாடும். இந்த இடைவெளியில் ஓட்டமே நிலையில்லாதது. நான்கு தசம இடத்துக்கு விடை எதிர்பார்ப்பது வீண். இரண்டு சூத்திரத்திலும் காரணியைக் கண்டு, பெரியதை எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

வாழப்பாடிப் பக்கம் மரவள்ளிக்கும் பாக்குக்கும் போட்டிருக்கும் சொட்டுநீர்க் குழாயில் இது அன்றாடம் வரும். 16 மி.மீ. லேட்டரல் (டிரிப்பர்கள் பொருத்திய கிளைக்குழாய்), உள்விட்டம் 13.8, தண்ணீர் 30 டிகிரி, மணிக்கு 4 லிட்டர் டிரிப்பர். எண் 2,000 ஆவதற்கு மணிக்கு 62 லிட்டர் வேண்டும். அதனால் கடைசிப் பதினைந்து டிரிப்பருக்குப் போகும் தண்ணீர் வரிச்சீராகவும், அதற்கு முந்தைய பதினாறு இரண்டுங்கெட்டானாகவும், அதற்கும் முன்னால் சுழற்சியாகவும் ஓடுகிறது. ஒரே குழாய்க்குள் மூன்று ஆட்சி. ஆனால் வால்பகுதியில் வேகம் அத்தனை குறைவு என்பதால் அங்கே எந்தச் சூத்திரம் போட்டாலும் மொத்த இழப்பு பெரிதாக மாறாது. கடைசி டிரிப்பரில் தண்ணீர் வரவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் வடிகட்டியிலும் அடைப்பிலும் இருக்கும்.

ஸ்டார்ச் பால் குழாய் அடைத்துக்கொள்கிறது

ஜவ்வரிசி ஆலைகளில் வரும் கேள்வி. "ஓட்டம் அமைதியாக இருந்தால் இழப்பு குறையும்" என்று பெரிய குழாய் போட்டிருப்பார்கள். இழப்பு குறைந்தது உண்மைதான். ஆனால் ஸ்டார்ச் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனமானது; அமைதியாக விட்டால் அடியில் படியும். ஆலையில் தொட்டி கட்டி ஸ்டார்ச்சைப் படியவிட்டுப் பிரிப்பதே இந்தக் குணத்தை நம்பித்தான். தொட்டியில் வேண்டியது குழாயில் வேண்டாதது. இங்கே சுழற்சி ஓட்டமே நமக்குத் துணை, அதனால் சிறிய விட்டமும் கூடிய வேகமும் வேண்டும். பம்பை நிறுத்தும் முன் வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் குழாயைக் கழுவிவிடுவதும் கட்டாயம்.

வெந்து கூழான ஸ்டார்ச் வேறு கதை. ஓட்டத்தை இரட்டிக்கும் சோதனையில் இழப்பு இரு மடங்குக்கும் குறைவாக ஏறினால், வேகம் கூடக் கூட இளகும் வகை திரவம் என்று பொருள். அதற்கு ஒற்றைப் பாகுநிலை எண்ணே கிடையாது. 64 ÷ ரெனால்ட்ஸ் எண் என்று நேரடியாகப் போட முடியாது; இரண்டு மூன்று ஓட்டத்தில் அளந்து, அந்த அளவை வைத்தே கோடு வரைந்துகொள்ள வேண்டும். வேகாத ஸ்டார்ச்சை மிகக் கெட்டியாகக் கலக்கினாலோ நேர்மாறு: வேகமாகத் தள்ளத் தள்ள இறுகும். பெரிய மோட்டார் போட்டு இதை வெல்ல முடியாது. தண்ணீர் சேருங்கள்.

ஆண்டுக்கு ஆண்டு தண்ணீர் குறைகிறது

ஜிஐ குழாயும் கடினத் தண்ணீரும் சேர்ந்தால் இப்படித்தான். 50 மி.மீ. உள்வழியில் சுற்றிலும் இரண்டரை மி.மீ. உப்புப் படிந்தால் விட்டம் 45. அதனால் மட்டும் இழப்பு 70 சதவீதம் ஏறும். படிவு வழவழப்பாகவும் இருக்காது என்பதால் காரணியும் உயரும். புது ஜிஐ குழாயின் சொரசொரப்பு 0.15 மி.மீ. என்பார்கள், பிவிசியில் 0.0015, எண் 60,000 இருக்கும்போது ஜிஐ காரணி 0.0286, பிவிசி 0.02. பழைய குழாய்க்குப் புத்தக எண்ணைப் போடாதீர்கள். இரட்டிப்புச் சோதனையில் கிடைத்த இழப்பிலிருந்து காரணியைத் திருப்பிக் கணக்கிடுங்கள். அது நான்கு மடங்குச் சட்டத்துக்கு ஒத்து வந்து, காரணி 0.04-ஐத் தாண்டினால் குழாயை மாற்றும் காலம் வந்துவிட்டது.

அடிவாரத்தில் இழுத்த மோட்டார் மேலே இழுக்கவில்லை

கிணற்று மட்டத்திலிருந்து ஆறரை மீட்டர் இழுத்துக்கொண்டிருந்த மோட்டாரை மலைக்கு ஏற்றினால் அதே ஆழத்தில் தண்ணீர் பிடிக்காது. மேலே சொன்ன 10-க்கும் 8.6-க்கும் உள்ள வேறுபாடுதான்: 1.4 மீட்டர் காற்றழுத்தம் போய்விட்டது. மோட்டாரைப் பழுது பார்க்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு அருகே இறக்கி வையுங்கள். இறக்க இடமில்லை என்றால் உறிஞ்சு குழாயை ஒரு அளவு பெரிதாக்கி, எல்போக்களைக் குறைத்து, ஃபுட் வால்வின் சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள். அதற்கும் பிடிக்கவில்லை என்றால் நீர்மூழ்கி மோட்டார்தான் வழி.